மூலையில் கிடந்த கறுப்பு மண்

தன் மகளின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை லேப் அக்கா கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பினாள். காயவைத்து, சாயம் ஊற்றி, நேரம் பார்த்துக் கழுவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். அந்தச் சின்ன மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அவள் செய்துவரும் வேலைதான் அது. நோயாளிகள், டாக்டர்கள், வாசலில் ஆட்டோ ஓட்டுபவர்கள் என எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. கை நடுங்கும் ஆள் இல்லை.

மகளுக்கு நான்கு வயது. இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். முகம் வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகை என்று குழந்தை மருத்துவர் இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று பாட்டில் தீர்ந்தும் ஒன்றும் ஏறவில்லை. வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளை மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது எதைக் கேட்டாலும் பதில் வர வெகுநேரம் ஆனது. சில நாள் கதவு, தட்டு போன்ற சொற்களே அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. விரலை நீட்டிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தாள்.

தகட்டில் சிவப்பணுக்கள் வெளிறித் தெரிந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சிலவற்றுக்குள் பேனா மையை உதறியது போலப் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் இருந்தன. படிக்கும் காலத்தில் ஒரே ஒரு முறை அவளுக்கு அதைக் காட்டியிருக்கிறார்கள். ஈயத்தை உருக்கும் தொழிலாளி ஒருவரின் ரத்தம் அது. சாயம் சரியாகக் கழுவப்படவில்லையோ என்று இன்னொரு தகடு செய்தாள். அதிலும் புள்ளிகள். மூன்றாவது தகடு செய்யும்போது அவளுக்கே தெரிந்துவிட்டது, சாயத்தின் மேல் பழியைப் போடப் பார்க்கிறோம் என்று.

ரத்தத்தில் ஈயத்தை அளக்கும் வசதி அங்கே இல்லை. குழாயில் மாதிரி எடுத்துப் பெருநகரத்துக்கு அனுப்பினாள். நான்காம் நாள் முடிவு வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று அச்சடித்திருந்த தாளில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

அவளுடைய கணவன் ஒரு காலத்தில் வெல்டர். தொழிலை விட்டு ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. நுரையீரல் கெட்டுப்போய், இனிமேல் பற்றவைக்கும் கோலைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன வருஷம்தான் குடும்பத்தில் சொத்தும் பிரிந்தது. கடைவீதியில் இருந்த வீட்டையும் ஆணி, பூட்டு, குழாய் விற்கும் கடையையும் அண்ணன் வைத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே கிடந்த மூன்று ஏக்கரைத் தம்பி தலையில் கட்டிவிட்டார். கடப்பாரை இறங்காத மண். முள் புதரைத் தவிர ஒன்றும் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடும்.

வெல்டர் கோபப்படவில்லை. யாரோ கொடுத்த ஒரு இயற்கை விவசாயப் பயிற்சிக் கையேட்டை அட்டை கிழியும்வரை படித்தான். இரும்புக் கம்பிகளைக் கயிற்றால் கட்டி, மட்டம் பார்க்கும் சட்டம் ஒன்றைத் தானே செய்தான். அதை வைத்து நிலத்தின் சரிவை அளந்து, சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து வாய்க்கால்கள் வெட்டினான். முதல் மழையில் தண்ணீர் அந்த வாய்க்கால்களில் நின்றது. நனைந்துகொண்டே போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, காய்ச்சலில் மூன்று நாள் படுத்தான்.

அதன் பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. காய்கறிச் சந்தையின் கழிவு, மரப்பட்டறையின் தூள், தெரு கூட்டுபவர்கள் மூட்டை கட்டி வைத்த சருகு, எல்லாம் அவன் வண்டியில் ஏறி நிலத்துக்குப் போயின. துவரையும் அகத்தியும் விதைத்து, வளர்ந்ததும் வெட்டி அங்கேயே மண்ணுக்குப் போர்வையாகப் போட்டான். அவற்றின் நிழலில் வாழை, பப்பாளி, கொய்யா வைத்தான். இரும்பை ஒட்டவைத்தவன் இப்போது மண்ணை ஒட்டவைக்கிறான் என்று அண்டைவீட்டார் கேலி செய்தார்கள். மூன்றாம் வருஷம் சருகைக் கிளறினால் மண்புழு நெளிந்தது. ஐந்தாம் வருஷம் நிலத்துக்குள் நுழைந்தால் வெயில் தெரியாது. உணவுக்காடு என்று அவன் சொன்ன சொல்லையே மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த மகள் அந்தக் காட்டில்தான் நடை பழகினாள். காட்டுக்குள்ளேயே இரண்டு அறை கட்டிக் குடிவந்திருந்தார்கள்.

முடிவுத் தாளை அவள் கொண்டுவந்து காட்டியபோது வெல்டர் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தான். பழைய வேலைத் துணி, கையுறை, முகமூடி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வெளியே எறிந்தான். அவள் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சோதிக்கக் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் பூசிய வர்ணத்தில் இல்லை. பொம்மைகளில் இல்லை. இருவருடைய ரத்தத்தையும் அனுப்பினாள். அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு முப்பத்தொன்று. அதற்குள் மகளைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, ஈயத்தை வெளியேற்றும் மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது மண் மட்டும்தான். விவசாயக் கல்லூரியிலிருந்து மண் ஆய்வாளர் ஒரு பெண்மணி வந்தார். கையில் துளையிடும் இயந்திரம் போல ஒரு கருவி. அதன் மூக்கை மண்ணில் வைத்து அழுத்தினால் சற்று நேரத்தில் எண் வரும். அவர் மரங்களைப் பார்த்து முதலில் பாராட்டத்தான் செய்தார். வீட்டை ஒட்டியிருந்த கீரைப் பாத்திகளுக்கு வந்ததும் குனிந்தார். ஒரே இடத்தில் மூன்று முறை அழுத்திப் பார்த்தார். குழந்தைகள் புழங்கும் மண்ணில் ஈயம் கிலோவுக்கு இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றார். அங்கே இரண்டாயிரத்து நானூறு இருந்தது. பிறகு தனியாக நடந்து நிலத்தின் வடக்கு மூலைக்குப் போனார். அங்கே எண் பதினெட்டாயிரத்தைத் தொட்டது.

"இந்த மூலையில முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஒரு தகரக் கொட்டகையின் தரை மட்டும் உடைந்து கிடந்தது என்றான் வெல்டர். அவன் முகம் மாறுவதை லேப் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு அடியில கறுப்பு மண்ணு இருந்துச்சு. பொலபொலன்னு, பார்க்கவே ஆசையா. எரிச்ச சாம்பல் கலந்த மண்ணுன்னு நெனச்சேன்." அவன் பாத்திகளின் பக்கம் கையைக் காட்டினான். "நான்தான் கூடை கூடையா அள்ளிட்டு வந்து பாத்தியில போட்டேன். நாப்பது அம்பது கூடை."

ஆய்வாளர் குனிந்து, மண்ணிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளியெடுத்தார். நகம் அளவுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் சில்லு. பழைய பேட்டரியின் ஓடு என்றார். இங்கே பேட்டரி உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணிலும் உரம் நன்றாக இருந்தால் கீரை பச்சைப்பசேல் என்றுதான் வளரும், பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். அந்தப் பாத்தி ஓரத்தில்தான் மகள் கரண்டியும் டப்பாவும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க விளையாடுவாள். மண்ணை வாயில் போடுகிறாள் என்று அம்மா அதட்டும்போதெல்லாம், நம்ம மண்ணுதானே, ஒண்ணும் செய்யாது என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வான். 

மறுநாள் காலை இருவரும் கடைவீதிக்குப் போனார்கள். அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாகம் பிரிவதற்கு முன்னால் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தம்பி கேட்டதும் மறைக்கவில்லை. எட்டு வருஷம் வாடகைக்கு விட்டிருந்ததாகச் சொன்னார். பேட்டரி உடைப்பவர்கள், நான்கைந்து பேர், யார் கண்ணிலும் படாமல் ராத்திரியில் வேலை செய்தவர்கள். பக்கத்தில் மேய்ந்த மாடுகள் இரண்டு செத்து, மாட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்த பிறகு அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டான் தம்பி.

"நீ மரம் வைக்கப் போறேன்னு வந்து நின்ன. உடம்பு முடியாம இருந்தவன் மொகத்துல அன்னிக்குத்தான் ஒரு சிரிப்பப் பார்த்தேன். அதை எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்." பூட்டைத் துணியில் துடைத்தார். "மண்ணுதானே, நாலு மழை பெஞ்சா சரியாயிடும்னு நெனச்சேன்."

லேப் அக்கா ஒரு எட்டு முன்னால் வந்தாள். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் ஒரு பை நிறையக் கீரையும் கிழங்கும் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது அவள்தான். அவருக்கும் பேரன் பேத்திகள் இருந்தார்கள். அவர்களுக்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்ற கவலையில்தான் அவள் கேட்டாள், அந்தக் கீரையைக் குழந்தைகளுக்கும் கொடுத்தீர்களா என்று.

அண்ணன் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூட ஆரம்பித்தார். உள்ளே நிலைப்படியில் நின்றிருந்த அவருடைய மனைவிதான் சொன்னாள். அவளுக்கு அதன் அர்த்தம் சொல்லி முடித்த பிறகுதான் புரிந்திருக்க வேண்டும்.

"வந்ததும் குப்பையில கொட்டச் சொல்லிடுவாரு. ஏன்னு கேட்டா, சொன்னதச் செய்யின்னுவாரு. ஒருநாள்கூட சமைக்க விட்டதில்லம்மா."

கடையில் ஆணி வாங்க வந்த ஒருவர் இவர்களுடைய முகங்களைப் பார்த்துவிட்டு, வாங்காமலே திரும்பிப் போனார். வெல்டர் கல்லாப்பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஏதாவது செய்துவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அண்ணன் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் திரும்பவில்லை.

கீரை போனது அண்ணன் வீட்டுக்கு மட்டும் இல்லை. பதினொரு வீடுகளுக்குப் போனது. அதைவிட, ரோட்டைத் தாண்டியிருந்த பாலர் பள்ளியின் மதிய உணவுக்கு வாரத்தில் மூன்று நாள் போனது. அங்கே இருபத்து மூன்று குழந்தைகள். விஷம் தெளிக்காத கீரை என்று தலைமையாசிரியை பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லுவார். வெல்டர் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பான். ஒரு தடவையும் அதற்குக் கூலி கேட்டதில்லை.

அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அவள் ஆரம்பித்தபோது அவன் வேண்டாம் என்றான். கீரையை நிறுத்திவிட்டோம், அது போதும், பாத்திகளைச் சுத்தப்படுத்திய பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். சொன்னால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்றான். ஆறு வருஷ உழைப்பை ஒரே நாளில் கொளுத்திவிடுவார்கள் என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மருத்துவமனையில் மகள் பக்கத்தில் நான்கு நாளாக உட்கார்ந்திருந்ததில் அவள் கண்கள் உள்ளே போயிருந்தன.

"நம்ம பொண்ணுக்கு ஏதோ சரியில்லன்னு நான் ஸ்லைடப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளைங்களோட அம்மாங்க எதைப் போட்டுப் பார்ப்பாங்க? இரும்பு டானிக்கக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

ஊசிகள், குழாய்கள், பஞ்சு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அவள் கிளம்பினாள். முதல் வீட்டில் நல்லபடியாகக் கேட்டுக்கொண்டு குழந்தையின் கையை நீட்டினார்கள். இரண்டாவது வீட்டில் அவள் சொன்னது புரியவே வெகுநேரம் ஆனது. அங்கே கீரையைக் கடைந்து ஆறு மாதக் குழந்தைக்கு ஊட்டியிருந்தார்கள். மூன்றாவது வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெல்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்தவரிடம் அவனே முந்திக்கொண்டு சொன்னான். "கீரை குடுத்தது நான்தான். அதுல ஈயம் இருக்கு. எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதால ஒண்ணும் குறையப் போறதில்ல. பிள்ளைக்கு ரத்தம் பாத்துருங்க."

அன்றைக்கு எல்லா வீட்டு வாசலிலும் அதையே சொன்னான். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பாலர் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். சுவர் முழுக்க எழுத்துப் படங்கள் ஒட்டிய சின்ன அறை. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.  சொல்லி முடித்ததும் மூட்டை தூக்கும் ஒருவர் எழுந்துவந்து வெல்டரின் கன்னத்தில் அறைந்தார். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. இன்னொரு தடவை ஓங்கியவர், என்ன நினைத்தாரோ, அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். தலைமையாசிரியை பொதுவாக யாரையும் பார்க்காமல், இனிமேல் நான் எதை நம்பி வாங்குவேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். லேப் அக்கா ஒரு மேசையை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் எழுதி ரத்தம் எடுத்தாள். அழுத குழந்தைகளுக்கு ஊதிக்கொடுக்க ரப்பர் கையுறைதான் அவளிடம் இருந்தது.

இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேருக்கு அளவு கூடியிருந்தது. இரண்டு பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அறைந்தவரின் மகன் அந்த இரண்டு பேரில் ஒருவன். லேப் அக்கா போயிருக்காவிட்டால் சில வாரங்களிலேயே அவனுக்கு வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதற்காக அவர்கள் வீட்டில் யாரும் நன்றி சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

லேப் அக்கா மகளோடு, தான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒரு அறை பார்த்துக் குடிபோனாள். அந்த மண்ணில் இனிக் குழந்தை கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெல்டர் வரவில்லை. நிலத்தைச் சும்மா விட்டுவிட்டு வந்தால் புழுதி பறந்து நாலு பேர் வீட்டுக்குள் போகும் என்றான். முதலில் அவன் அந்த மண்ணை முழுவதும் வெட்டி எடுத்துவிடத்தான் நினைத்தான். ஆய்வாளர் கூடாது என்று தடுத்தார். தோண்டினால்தான் ஆபத்து, மூடி வைத்து ஈரமாக வைத்திருந்தால் ஈயம் இருந்த இடத்தில் கிடக்கும் என்றார். வடக்கு மூலைக்குத் தடிமனாகக் கான்கிரீட் போட்டான். கீரைப் பாத்திகளின் மேல் துணி விரித்து, வேறு இடத்து மண்ணை முழங்கால் உயரத்துக்குக் கொட்டிப் புல் வைத்தான். சுற்றிலும் வேலி போட்டுக் கதவைத் தானே பற்றவைத்தான். கோலைத் தொடக்கூடாது என்ற டாக்டரின் பேச்சை அன்று மட்டும் மீறினான்.

மரங்களை வெட்டச் சொல்லி ஊரில் கேட்டார்கள். ஆய்வாளர் வந்து அதையும் நிறுத்தினார். அந்த வேர்களும் சருகும்தான் மண்ணை இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று கூட்டத்தில் விளக்கினார். கொய்யாவையும் பப்பாளியையும் சோதித்துப் பார்த்ததில் கழுவித் தின்றால் ஒன்றும் ஆகாத அளவுதான் இருந்தது. அதையும் சொன்னார். யாரும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வெல்டரும் தொடவில்லை.

அண்ணனுக்கு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் ஒரு வக்கீலைப் பிடித்து அதற்குப் பதில் எழுதினார். கடை வழக்கம்போலத் திறந்திருக்கிறது. அவருடைய மனைவி மட்டும் இரண்டு முறை பின்தெரு அறைக்கு வந்து, மகளுக்கு உடுப்பு வைத்துவிட்டு, உட்காராமல் போனாள்.

ஒன்றரை வருஷத்தில் மகளின் ஐம்பத்தெட்டு பதினாலுக்கு இறங்கியது. வயிற்றுவலி நின்றது. கன்னத்தில் நிறம் வந்தது. ஈயம் ரத்தத்திலிருந்து இறங்கும், அது மூளையில் செய்ததை மருந்து திருப்பாது என்று குழந்தை மருத்துவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நேற்றுச் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்று புதிதாக இருக்கிறது. மற்றக் குழந்தைகள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வெல்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். தெருக்குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பையில் கொண்டுவந்த வேறு சட்டையை மாற்றிக்கொண்ட பிறகுதான் அறைக்குள் நுழைவான். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுப்பான். ஏழுக்கு மேல் போவதற்குள் அவள் இறங்கிவிடுவாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவனுடைய ரத்தத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லேப் மூடியிருக்கும், வேலைநாளில் அவனாக வரமாட்டான். அதனால் ஒரு வேலைநாளின் மதியம் அவளே பஸ் ஏறி நிலத்துக்குப் போனாள். மழை விட்டிருந்தது. வாய்க்கால்களில் தண்ணீர் நின்றது. கொய்யா மரங்கள் தாங்க முடியாமல் காய்த்திருந்தன. கீழே விழுந்ததெல்லாம் அழுகி, காற்றே இனிப்பாக நாறியது. அவன் வாசலில் ஒரு மர முக்காலியைப் போட்டுக் கையை நீட்டினான். மேலே கிளிகள் கூட்டமாக இறங்கிப் பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

"ஜனங்களுக்கெல்லாம் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டோம்," என்றான். "இதுங்களுக்கு யாரு சொல்றது?"

பழத்தில் ஒன்றும் இல்லை என்று ஆய்வாளர் சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள். அவன் தலையை ஆட்டினான். ஏற்றுக்கொண்டது போலத் தெரியவில்லை. அவன் விரல்கள் லேசாக நடுங்கின. அது ஈயத்தாலா, வயதாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மேல்கையில் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை இறக்கினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். நீ இங்கே ஒரு நாள் தங்கக்கூடாதா என்று கேட்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

குழாயின் மேல் அவன் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்தாள். செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை வேலிக்கு உள்ளேயே தேய்த்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால்தான் மகளைக் கூட்டிவர முடியும்.